அப்பாரோட 070 மெஷினு மறுபடி ஓடுது: பொள்ளாச்சி பாலக்காட்டு ரோட்டு ரிப்பேர் கடை பத்தி என் அனுபவம்

மரம் அறுக்கற பழைய ஸ்டில் கம்பெனி செயின் சா மெஷினு வீட்டுல சும்மா கெடக்குது, தூக்கிப்போட மனசில்ல, குடுத்து சரி பண்ண நம்பிக்கையான ஆளும் தெரியல, இந்த நெலமைல நம்ம பக்கம் நெம்ப பேரு இருப்பீங்கன்னு எனக்குத் தெரியும், நானும் நாலு மாசம் இப்படித்தான் அலஞ்சேன், அதனாலதான் கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

எங்க தோட்டம் நெகமத்துக்குப் பக்கம், முக்காவாசி தென்னை. மெஷினு ஸ்டில் 070, எங்க அப்பாரு (அப்பாவோட அப்பா) 80கள்ல வால்பாறைல ஒரு எஸ்டேட்டுல பழைய சாமானம் ஏலம் விட்டப்ப எடுத்துட்டு வந்தது. அதுக்கு முன்ன மரம் அறுக்கறதுன்னா ரெண்டாளு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் உக்காந்து இழுக்கற ரம்பந்தான், ஒரு பெரிய வேம்ப துண்டு போட பொழுதுக்கும் ஆகும்னு அப்பா சொல்லுவாரு. இந்த மெஷினு வந்தப்புறம் சுத்துப்பட்டு தோட்டத்துல மரம் சாஞ்சா மொதல்ல எங்க வீட்டுக்குத்தான் ஆள் வரும். 106 சிசி இஞ்சினுங்க அது, நம்ம ஓட்டற ஸ்ப்ளெண்டரே 97 சிசி தான், அத விட பெரிய இஞ்சின ஒரு ஆளு கையில தூக்கிப் புடிச்சு வேல செய்யறான்னா பாத்துக்கோங்க. பாரும் (செயின் ஓடற நீளப் பட்டை) செயினும் இல்லாமயே 10 கிலோவுக்கு மேல இருக்கும். 1959ல இந்தக் கம்பெனி கான்ட்ரான்னு ஒரு மாடல் விட்டாங்க, அந்த வழில வந்ததுதான் 070, டிசைன்ல பெருசா மாத்தாம பல வருசம் போட்டுட்டே இருந்ததால தான் இன்னிக்கும் இதுக்கு சாமான் கெடைக்குது.

2016ல ரெண்டு மழையும் பொய்யாப் போச்சு, ஞாபகம் இருக்கும். அடுத்த வருசம் எங்க தோப்புல காஞ்சு நின்ன தென்ன 140, அத்தனையும் இந்த மெஷின்லதான் அப்பா அறுத்தாரு. கடைசி பத்துப் பாஞ்சு மரம் அறுக்கறப்ப, சூடானா நின்னுருது, ஆறுனாத்தான் மறுபடி கெளம்புதுன்னு சொல்லீட்டே இருந்தாரு. அப்புறம் சாளைல அட்டாலி மேல சாக்கு சுத்தி வெச்சவருதான், மறுபடி எடுக்கவே இல்ல, டேங்குல பெட்ரோல் பாதி அப்படியே இருந்துச்சு. அப்பாவும் போய்ச் சேந்துட்டாரு.

இப்ப எதுக்கு எறக்குனேன்னா எல்லாம் இந்த வேர் வாடல் நோயாலதான். பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் தோப்பு வெச்சிருக்கறவிங்களுக்கு இத விளக்கிச் சொல்லத் தேவையில்ல. நோய் முத்துன மரத்த நிக்க விட்டா பக்கத்து மரத்துக்கும் போகும், வெட்டி எடுக்கத்தான் சொல்றாங்க. மரம் அறுக்கற ஆளுக கூப்புட்டா ரெண்டு வாரம், மூணு வாரம்னு நாள் சொல்றாங்க, ஒண்ணு ரெண்டு மரத்துக்குன்னா வரவே மாட்டேங்கறாங்க. சரி, வீட்டுல இருக்கறதயே சரி பண்ணிக்கலாம்னு எறக்குனேன்.

மொதல்ல டவுன்ல ஒரு கடைக்குக் கொண்டு போனேன், பேரு வேண்டாம். ரெண்டு நாள் கழிச்சுக் கூப்புட்டு, சிலிண்டர் உள்பக்கம் அடிபட்டுருச்சு, ரீபோர் பண்ணி, அதாவது உள்பக்கத்தக் கடஞ்சு அகலமாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடோணும், எல்லாஞ் சேந்து 14,000 ஆகும், அதுக்குப் பேசாம புதுசு வாங்கிருங்கன்னாங்க. யோசிச்சுச் சொல்றேன்னு திருப்பி வாங்கப் போனா, மெஷினு ஒரு பக்கம், போல்ட்டு நட்டெல்லாம் ஒரு கேரி பேக்ல, ஸ்டார்ட்டர் கவர்ல ஒரு ஸ்க்ரூவக் காணோம், கழட்டிப் பாத்த கூலி 500 ரூவா. அந்த 500 போனது கூட பரவால்லைங்க, முப்பது நாப்பது வருசமா ஒரு போல்ட்டு தொலையாம எங்க அப்பாரும் அப்பாவும் வெச்சிருந்தத இப்படி பையில அள்ளிப் போட்டுக் குடுத்தாங்களேன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது.

பொறவு எங்க சித்தப்பாதான் சொன்னாரு, பொள்ளாச்சில பாலக்காட்டு ரோட்டுல ஒரு அண்ணன் இருக்காரு, வால்பாறை எஸ்டேட்டுகள்ல சில்வர் ஓக் கெளை வாங்கற மெஷினெல்லாம் அவர்கிட்டத்தான் எறங்கும், அவரு பாக்காத 070 இல்லன்னு. கடைக்கு போர்டே கெடையாது, பத்துக்கு பன்னெண்டு அடி இருந்தா அதிகம், செவுரு பூரா பழைய பாரு தொங்கும். டீக்கடைல மரம் அறுக்கற மெஷினு ரிப்பேருன்னு கேட்டாக் காட்டுவாங்க.

நான் மெஷின எறக்கி வெச்சதும் அவரு மொதல்ல செஞ்சது டேங்கு மூடியத் தொறந்து மோந்து பாத்ததுதான். "எத்தன வருசமாச்சு கண்ணு இதக் கெளப்பி?"ன்னாரு. சொன்னேன். "பெட்ரோல் வார்னிஷ் ஆயிருச்சு, கார்ப்பரேட்டர்ல ஒண்ணும் மிச்சம் இருக்காது, அது கெடக்கட்டும், மேல என்னன்னு பாக்கலாம்"னுட்டு சைலன்சர மட்டும் ரெண்டு நட்டு கழட்டுனாரு. அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சு, கயித்த மெதுவா இழுத்து, பிஸ்டன் மேல கீழ போறதப் பாத்துட்டு என்னையும் குனிஞ்சு பாக்கச் சொன்னாரு. பிஸ்டன் செவுத்துல மேலருந்து கீழ நகத்துல கீறுன மாதிரி கோடு கோடா இருந்துச்சு. அப்புறம் கார்ப்பரேட்டரக் கழட்டி அந்தப் பக்கமும் டார்ச் அடிச்சாரு, அது வழவழன்னு புதுசாட்ட இருந்துச்சு.

அவரு சொன்னத அப்படியே எழுதறேன், யாருக்காவது ஆகும். பொக போற பக்கம் மட்டும் கீறியிருந்தா அது சூட்டுல புடிச்சது. காத்து வர்ற பக்கமும் கீறியிருந்தா ஃபில்டர் வழியா மண்ணு தூசி உள்ள போயிருக்குன்னு அர்த்தம். இது சூடு. சூடு எதுனால வரும்னா, ஒண்ணு ஆயில் கம்மியாக் கலந்திருப்பாங்க, இல்லாட்டி எங்கியோ காத்து உள்ள ஏறுது. டூ ஸ்ட்ரோக்கு இஞ்சினுக்குத் தனியா ஆயில் கெடையாது, பெட்ரோலோட வர்றதுதான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் எல்லாத்துக்கும், காத்து அதிகமாப் போனா பெட்ரோல் கொறையும், பெட்ரோல் கொறஞ்சா ஆயிலும் கொறையும், அப்புறம் அலுமினியம் உருகி ஒட்டத்தான் செய்யும்.

ரீபோர் சொன்னாங்கன்னு சொன்னேன். அவருக்குக் கோவமே வந்துருச்சு. "இது அலுமினிய சிலிண்டர் கண்ணு, உள்ளாற குரோம் பூச்சு, போர் போட்டா அந்தப் பூச்சு போயிரும், அப்புறம் சிலிண்டரே குப்பைக்குத்தான். ஏனுங் இதத் தெரியாமயா கட வெச்சிருக்காங்க?"ன்னாரு. இந்த ஒரு விசயத்துக்காகவே நான் இந்தக் கடையச் சொல்லுவேன். சரி பண்றேன்னு எறங்கறவன் எதத் தொடக்கூடாதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கோணும், இவருக்கு அது தெரியுது.

மறுவாரம் அவரு வரச்சொல்லி நான் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். காத்து வர்ற வழி, பொக போற வழி ரெண்டயும் ரப்பர் ஷீட்டு வெச்சு பிளேட்டு போட்டு அடச்சுட்டு, பிளக்கு ஓட்டைல ஒரு சின்ன ஹேண்ட் பம்பு மாட்டி அர பார் பிரஷர் அளவுக்குக் காத்த ஏத்துனாரு, அதுல ஒரு மீட்டரு இருக்குது. முள்ளு நிக்கோணும், நிக்காம எறங்கீட்டே வந்துச்சு. சோப்புத் தண்ணிய பிரஷ்ல தொட்டு அங்கங்க வெச்சாரு. ப்ளைவீல் கழட்டியிருந்த பக்கம் கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் தண்டச் சுத்தி காத்து ஏறாம அடைக்கற வளையம்) ஓரத்துல சின்னச் சின்ன முட்டையா நொர வந்துச்சு, கடுகளவு, ஒண்ணு ஒடைய இன்னொண்ணு. "இதாப் பாருங்க, உங்கய்யன் சூடாகி நிக்குதுன்னு சொன்னதுக்குக் காரணம்"னாரு. அப்பா சொன்ன அந்தப் பேச்சுக்கு இத்தன வருசம் கழிச்சு கண்ணு முன்னால பதில் வந்து நின்னுச்சு, எனக்கு சித்தங்கூரம் பேச்சே வரல. மொதக் கடைல சொன்னபடி புதுப் பிஸ்டன் மட்டும் போட்டிருந்தா, இந்த சீல் அப்படியே இருந்திருக்கும், அந்தப் பிஸ்டனும் மறுபடி புடிச்சிருக்கும்.

சிலிண்டர்ல ஒட்டிக்கிட்டு இருந்த அலுமினியத்த எடுத்தது தான் எனக்கு நெம்பப் புடிச்ச வேல. காஸ்டிக் சோடாவத் தண்ணில கரச்சு, காது கொடையற பட்ஸ்ல தொட்டு, அந்த வெள்ளிக் கோடு மேல மட்டும் தடவுனாரு, கையில ரப்பர் கிளவுசு, கண்ணுக்குக் கண்ணாடி. தொட்ட எடத்துல சுர்ருன்னு பொங்கி கறுப்பா நொர வரும், தொடச்சுட்டு மறுபடி தொடுவாரு. குரோம காஸ்டிக் ஒண்ணும் பண்ணாது, அலுமினியத்தத்தான் தின்னும், ஆனா ஓட்டை ஓரத்துல சிலிண்டரோட அலுமினியமே வெளிய தெரியும், அங்க ஒரு சொட்டு பட்டாலும் அரிச்சுரும்னு பஞ்சு வெச்சு மறச்சுட்டுத்தான் செஞ்சாரு. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. கடைசில வெரல விட்டுத் தடவிப் பாக்கச் சொன்னாரு, கண்ணாடியாட்ட இருந்துச்சு. வீட்டுல யாரும் இத முயற்சி பண்ணீராதீங்க, ஆசிட் வெச்சு செய்யற வீடியோ பாத்துட்டு குரோம் சிலிண்டர்ல ஆசிட் ஊத்துனவங்க சிலிண்டர் ரெண்டு அவரு கடைலயே கெடக்குது, பூச்சு உரிஞ்சு போயி.

பிஸ்டன் தேய்மானம் அளந்து பாத்தாரு, நைஸ் எமரி போட்டு மேலாக்க இருந்த கீறல எடுத்துட்டு அதயே போட்டுட்டாரு, ரிங்கு மட்டும் புதுசு. மார்க்கெட்ல 070க்கு டூப்ளிகேட் சிலிண்டர் கிட்டு வெல கம்மியா நெறைய வருது, அதப் போட்டா கணக்கு சுலபமா முடிஞ்சிரும், ஆனா "ஒரிஜினல் சிலிண்டர் நல்லா இருக்கறப்ப அத எடுத்துட்டு டூப்ளிகேட் போடறதுக்கு எனக்கு மனசு வராது"ன்னாரு. சீல் ரெண்டும் ஒரிஜினல் தான் போடோணும்னு கோயமுத்தூர்ல சொல்லி வெச்சு வர வெச்சாரு. நாள் ஆனதே அதுனாலதான்.

கார்ப்பரேட்டர்ல இருந்த டயாப்ரம என் கையில குடுத்தாரு, தோலு மாதிரி வளையோணும், அது அப்பளமாட்ட வெறச்சுப் போயி வளச்சதும் நொறுங்கிருச்சு. புது கிட்டு, பெட்ரோல் பைப்பு, ஃபில்டர் எல்லாம் மாத்தியாச்சு. பிளக்குக்கு கரண்டு வரல, அதுக்கு காயில் மாத்தோணுமோன்னு நான் பயந்தேன், பழைய மாடல்ங்கறதால பாயிண்டு (கரண்ட விட்டு விட்டு வெட்டற தொடுமுனை), கண்டென்சர் இருக்குது, பாயிண்டு மேல பச்சையா களிம்பு புடிச்சிருந்துச்சு அவ்வளவுதான். சுத்தம் பண்ணி கேப்பு 0.4 மில்லிமீட்டருக்கு வெச்சதும் பிளக்குல நீலமா பளிச்சுன்னு அடிச்சுது. கண்டென்சர மட்டும் பழசுன்னு மாத்துனாரு. காணாமப் போன ஸ்க்ரூவுக்கு பழைய மெஷின் ஒண்ணுல இருந்து கழட்டிப் போட்டாரு, காசு வாங்கல.

ஒண்ணு சொல்லியே ஆகோணும். முன் கைப்புடில எங்க அப்பாரு சைக்கிள் ட்யூபக் கீத்துக் கீத்தா அறுத்து சுத்தி வெச்சிருந்தாரு. இந்த மெஷினுக்கு அதிர்வத் தாங்கற ரப்பர் ஸ்பிரிங்கு ஒண்ணும் கெடையாது, இஞ்சின் அதிர்ற அதிர்வு அப்படியே கைக்கு வரும், ஒரு நாள் பூரா புடிச்சா வெரலு மரத்துப் போகும், அதுக்காகத்தான் அப்பாரு சுத்துனது. கைப்புடி போல்ட்டு லூசாயிருந்ததால டைட் பண்ண அந்த ட்யூபக் கழட்ட வேண்டியதாப் போச்சு. போனா போகுதுன்னு வெட்டி எறிஞ்சிருக்கலாம், ஆனா அவரு முடிச்ச அவுத்து, சுருளு கொலையாம தரைல நீட்டி வெச்சு, வேல முடிஞ்சதும் எந்தப் பக்கமிருந்து சுத்தியிருந்துச்சோ அதே பக்கமிருந்து சுத்திக் கட்டுனாரு. நான் கேக்கவே இல்லீங்க. பெயிண்டு அடிக்கட்டுமான்னு ஒரு வார்த்த கேட்டாரு, வேண்டாம்னேன், சரின்னுட்டாரு.

பில்லு மொத்தம் 8,150 ரூவா. சீல், ரிங்கு, கார்ப்பரேட்டர் கிட்டு, கண்டென்சர், பைப்பு, பிளக்கு, புது செயின், கூலி 2,500 எல்லாம் அதுல அடக்கம். மாத்துன பழைய சாமானத்த ஒரு டப்பால போட்டு கையில குடுத்துட்டாரு.

கொறைன்னு பாத்தா, மொத்தம் 24 நாள் ஆச்சு, மொதல்ல பத்து நாள்னு சொல்லியிருந்தாரு. ஃபோன் பண்ணா எடுக்கறதே இல்ல, நான் அஞ்சு தடவ நேருல போயி நின்னேன், நெகமத்துல இருந்து பஸ்ல வர்றவனுக்கு அது லேசுப்பட்ட அலச்சல் இல்ல. சாமான் வந்தா ஒரு மெசேஜாவது போட ஒரு பையனப் போட்டுக்கலாம். பில்லும் ஒரு துண்டுச் சீட்டுலதான். வண்டி நிறுத்த எடமில்ல. அவசரம்னா இங்க போகாதீங்க.

வேல முடிஞ்சதும் காச வாங்கிட்டு மெஷினக் குடுப்பாருன்னு பாத்தா குடுக்கல. "இத ஓட்டிப் பழக்கமிருக்கா?"ன்னாரு. அப்பா அறுக்கறப்ப மட்ட இழுத்துப் போட்டிருக்கேன், புடிச்சதில்லன்னேன். கடைக்குப் பின்னால ஒரு வாகத் துண்டு போட்டு வெச்சிருக்காரு, அங்க கூட்டிட்டுப் போயிட்டாரு. இப்ப வர்ற மெஷின்ல எல்லாம் செயின் பிரேக் இருக்கும், பாரு மொனை மரத்துல முட்டி ஆள் மேல எகிறுச்சுன்னா கைல தட்டுப்பட்டதும் செயின் நின்னுரும். இந்த 070ல அது கெடையாது, எகிறுனா எகிறுனதுதான். அதனால மொனைய எதுலயும் முட்ட விடக்கூடாது, தோளுக்கு மேல தூக்கி அறுக்கக்கூடாது, பாருக்கு நேரா தலைய வெக்கக்கூடாது. கெளப்பறப்ப தரைல வெச்சு, கால்ல பின் கைப்புடிய மிதிச்சு, எடது கைல முன் கைப்புடிய அமுத்தித்தான் கயிறு இழுக்கோணும், கைல தொங்க விட்டுட்டு இழுத்தா அவரே புடுங்கி வெச்சுக்குவேன்னாரு. வேட்டி, லுங்கி கட்டீட்டு தொடவே கூடாது. மூணு துண்டு என்னய அறுக்க வெச்சுப் பாத்துட்டுத்தான் சரி எடுத்துட்டுப் போங்கன்னாரு.

ட்யூனிங்கும் அந்த மரத்துலதான் பண்ணுனாரு. சும்மா ஆக்சிலேட்டர முழுசாப் புடிச்சா கொஞ்சம் கரகரன்னு தொண்ட கட்டுன மாதிரி இருக்கோணும், மரத்துல எறக்குனதும் அந்தக் கரகரப்புப் போயி சுத்தமா இழுக்கோணும். சும்மா புடிக்கறப்பவே சுத்தமா கீச்சுன்னு இருந்தா பெட்ரோல் கம்மி, மறுபடி புடிச்சுரும்னாரு. இப்ப எனக்கும் அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியுது.

வீட்டுக்கு வந்து மக்யா நாளு வெடியால நோய் முத்துன தென்ன ஒண்ண சாச்சுத் துண்டு போட்டோம், பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கூட இருந்தாரு, அவரு பழக்கமுள்ளவரு, நான் தனியா மரம் சாய்க்க எறங்கல. புது செயின் மொதல்ல அரிசி அவலாட்டம் தெறிச்சுது, நாலாவது மரத்துக்கு மாவா வர ஆரம்பிச்சிருச்சு, மாவா வந்தா மொட்டயாயிருச்சுன்னு அர்த்தம், தென்ன வெளிப்பக்கம் அத்தன கெட்டி. இந்த செயினுக்கு 5.5 மில்லிமீட்டர் ரவுண்டு அரம், ஒவ்வொரு பல்லுக்கும் எண்ணி ஒரே அளவு இழுப்புன்னு சொல்லிக் குடுத்திருக்காரு, அரமும் அவருகிட்டயே வாங்கிட்டேன். இடது பக்கப் பல்லுக எனக்கு இன்னும் சரியா வரல, அறுக்கறப்ப ஒரு பக்கமா வளையுது.

பெட்ரோல் விசயத்துல அவரு சொன்னத மட்டும் எல்லாரும் கேட்டுக்கோங்க, புது மெஷினு வெச்சிருக்கறவங்களுக்கும் சேத்துத்தான். இப்ப பங்க்குல வர்றதுல 20 சதம் எத்தனால், அது ஈரத்த இழுக்கும், பழைய ரப்பரயும் கெடுக்கும். லிட்டருக்கு 40 மில்லி டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக்கு இஞ்சின் ஆயில்) அன்னன்னிக்கு வேணுங்கறத மட்டும் கலக்கோணும், வேல முடிஞ்சா டேங்கக் காலி பண்ணி, மறுபடி கெளப்பி அதுவா நிக்கற வரைக்கும் ஓட விட்டுட்டுத்தான் எடுத்து வெக்கோணும். செயினுக்கு டிராக்டர்ல எறக்குன வேஸ்ட் ஆயில ஊத்தாதீங்க, அதுல இருக்கற இரும்புத்தூளு ஆயில் பம்பயும் பாரு காடியயும் தின்னுரும். எங்க பாரு காடி ஒரு பக்கம் தேஞ்சிருந்ததுக்கு அதான் காரணம், அரம் போட்டு சமமாக்கி தலகீழாத் திருப்பி மாட்டியிருக்காரு.

போறவிங்க காலைல ஒம்பதரைக்குள்ள போயிருங்க, மத்தியானத்துக்கு மேல எஸ்டேட் ஜீப்புக வந்துரும், அப்புறம் பேசவே முடியாது. கழட்டிக் கொண்டு போகாதீங்க, முழுசாக் கொண்டு போங்க, கடைசியா என்ன பண்ணுச்சு, எப்படி நின்னுச்சுன்னு வீட்டுல பெரியவங்ககிட்ட கேட்டுட்டுப் போங்க, அவரு மொதல்ல கேக்கறது அதத்தான். பத்து மரம் அறுத்ததும் பிளக்கு கலரு பாக்கக் கொண்டாரச் சொல்லியிருக்காரு, இன்னும் மூணு மரம் பாக்கி. போயிட்டு வந்து அதயும் எழுதறேன்.